ரோஸ் கலர் வீட்டில் வலது பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்ளிடம் பாலத்துப் பக்கம் நடக்கப் போயிருந்தேன். நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நான் நடப்பதைவிட பாலத்தடி டீக்கடையில் உட்காருவதுதான் அதிகம் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே ஐந்தாறு பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டின சட்டை, பாதி விரல் தெரியும் கையுறை. ஒருவருடைய ஹேண்டில்பாரில் செருகியிருந்த போனிலிருந்து ஒரு பெண் குரல், இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பு என்று ஆங்கிலத்தில் சொன்னது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குரல் விடவில்லை. திரும்பு, திரும்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் குரல் மேல் ஒரு பரிதாபம் வந்தது. நம்ப மாட்டீர்கள், சில வருஷம் நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். துபாயில், தேராவில், ஒரு சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அயர்லாந்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருஷங்களில் தேராவில் தடுக்கி விழுந்தால் டிராவல்ஸ் வாசலில்தான் விழவேண்டும். எங்கள் கடை ஊதுவத்தியும் அத்தரும் விற்கிற கடைக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஊதுபுகையும் பேக்ஸ் மெஷின் சூடாகிற வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது ஜெராக்ஸ் கடையில் நின்றால் எனக்கு அத்தர் வாசனையும் சேர்ந்தே வந்துவிடுகிறது, இல்லாத இடத்திலும். முதலாளி கீழக்கரைக்காரர். அவர்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன், எல்லோருக்கும் அவர் காக்கா. எனக்கும் காக்காதான். போர்டில் டிராவல்ஸ் அண்டு டூர்ஸ் என்று எழுதியிருந்தாலும் டூர்ஸ் என்பது இடம் நிரப்ப எழுதியது. லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குத் திருச்சி டிக்கெட், சென்னை டிக்கெட், சாவுச் செய்தி கேட்டு அழுதுகொண்டே வருகிறவர்களுக்கு அவசரமாக ஒரு டிக்கெட். இவ்வளவுதான் வியாபாரம்.

ஒருநாள் காக்கா ஏதோ சுற்றுலாக் கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு பை நிறையத் தாள்களோடு வந்தார். அயர்லாந்தில் ஒரு கம்பெனி, கடலோரமாகச் சைக்கிள் ஓட்டும் விடுமுறைப் பயணம் நடத்துகிறதாம். துபாயில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு நாம் விற்க வேண்டும். நான் அந்தத் தாளைப் புரட்டினேன். பாறை, பாறைமேல் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் கடல், எல்லாவற்றுக்கும் மேலே மேகம். வழிகாட்டி யார் காக்கா என்று கேட்டேன்.

"ஆளு கூட வரமாட்டான் தம்பி. பேப்பர்தான் வரும். பேப்பரப் பாத்து அவங்களே போய்க்கணும். அதுக்குத்தான் காசு" என்றார்.

அன்றைக்கு ரூமில் இதைச் சொன்னேன். எங்கள் ரூமில் முருகேசன் என்று ஒருவன். மளிகைக்கடை சாமான்களைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன். ஆகஸ்டு மாச வெயிலில் தண்ணீர் கேன்களோடு ஓட்டி ஓட்டி அவன் கழுத்தின் பின்பக்கம் மட்டும் வேறு நிறமாக இருக்கும். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான், "காசு வாங்கிக்கிட்டா ஓட்டுறாங்க, குடுத்துட்டா?" குடுத்துட்டு என்றேன். அவன் தட்டைக் கழுவ எழுந்து போனான்.

அந்தப் பேப்பர் இருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பயணத்துக்கு வழிக்குறிப்பு. வரிக்கு வரி கிலோமீட்டர் கணக்கும் அடையாளமும். கென்மேர் என்ற ஊரில் கிளம்பி, கடல் வலது கையில் வர, மேற்கே போகவேண்டும். பதினாலாவது கிலோமீட்டரில் சுவருக்குள் பதித்த பச்சைத் தபால்பெட்டி. அங்கே தபால்பெட்டி பச்சை. பதினாலரையில் ரோஸ் கலர் வீடு, வலது பக்கம் திரும்பு. பிறகு ஏற்றம். மலைமேல் பழைய தாமிரச் சுரங்கத்தின் புகைபோக்கி தெரிந்தால் அல்லிஹீஸ் வந்துவிட்டது, தங்கும் வீடு தேவாலயத்துக்கு எதிரே. இரண்டாம் நாள் ஒரு தீவுக்குக் கேபிள் கார், அதில் மனிதரும் ஆடும் சேர்ந்து போகலாம். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் பெரிய வரைபடத்தைக் கவுன்ட்டரில் விரித்து விரலால் ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு மாதத்தில் மனப்பாடம். அறந்தாங்கியில் என் மாமனார் வீட்டுக்குப் போகும் வழியைக்கூட நான் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

விற்கும்போதுதான் சிக்கல் வந்தது. எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள், நீங்கள் போயிருக்கிறீர்களா. முதலில் இல்லை என்றேன். பிரசுரத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நாலைந்து பேர் அப்படிப் போனபிறகு காக்காவே ஒரு வாடிக்கையாளரிடம், நம்ம பையன் போயிட்டு வந்தவன் என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கே பழகிவிட்டது. இங்கிலீஷில் பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை, அது வேறு யாரோ பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

தமிழில் சொல்ல நேர்ந்தது டாக்டர் பிரேமலதாவிடம். நாகர்கோவில்காரர். ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் வேலை. கணவர் ஜெயசிங் இன்ஜினியர், முட்டி வலிக்காரர், எதையும் இரண்டு தடவை கேட்பவர். தமிழர்களில் அந்தப் பயணத்தைக் கேட்டு வந்த முதல் ஜோடி அவர்கள்தான். நீங்க போயிருக்கீங்களா தம்பி என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு நாக்கு ஒரு விநாடி நின்றது. பிறகு போன வருஷம் போனேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ரோஸ் வீட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும் டாக்டர், அப்படி ஒரு ரோஸ், தூரத்திலிருந்தே தெரியும் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அடுத்த ஆகஸ்டுக்குப் பதிவு செய்துவிட்டுப் போனார்.

இந்தப் பொய்யை உண்மையாக்க ஒரு வாய்ப்பும் வந்தது. அடுத்த மே மாதம் அந்த அயர்லாந்து கம்பெனி விற்பனை முகவர்களைச் செலவில்லாமல் கூட்டிக்கொண்டுபோய் அந்த வழியில் ஓட்டவைக்கப் போவதாகக் கடிதம் வந்தது. எங்கள் கடைக்கு ஒரு இடம். காக்கா யோசிக்கவே இல்லை, என் பெயரை எழுதினார். இங்கேதான் என் பாஸ்போர்ட் நுழைகிறது.

அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் நம் கையில் இருக்காது. கடைக்குக் கஃபீல், அதாவது உள்ளூர் பொறுப்பாளர், அல் ஐனில் இருந்தார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய ஆபீஸ் அலமாரியில். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மந்தூப். அரசாங்க ஆபீஸ் வேலைகளுக்காக அலைகிற ஆள் அவர். போன் செய்தேன். நாளைக்கு என்றார். நாளைக்குப் போன் செய்தேன். இன்ஷா அல்லா என்றார். நேரிலேயே போய்விடலாம் என்று பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம், இரண்டு பக்கமும் மணல். மந்தூப் அபுதாபிக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை போனபோது ஏதோ அரசு விடுமுறை. மூன்றாவது தடவை வாசலில் இருந்த பாகிஸ்தானிக் காவலாளி என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, மந்தூப் மாஃபி, அதாவது ஆள் இல்லை, என்றார். லீவில் ஊருக்குப் போய்விட்டாராம். அலமாரிச் சாவியும் அவரோடு போய்விட்டது. கண்ணாடிக் கதவு வழியாக அந்தச் சாம்பல் நிற அலமாரியைப் பார்த்தேன். என் பாஸ்போர்ட் பத்தடி தூரத்தில் இருந்தது. காவலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீயை என்ன செய்வது என்று தெரியாமல் குடித்தேன்.

மந்தூப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். விசாவுக்கு மனுப் போட்டதே தாமதம். என் இடத்தை வீணாக்க வேண்டாம் என்று ஷாஜியை அனுப்பினார்கள். ஷாஜி எங்கள் கடையில் பக்கத்து நாற்காலி, திருச்சூர்க்காரன். மனைவி நர்ஸ் என்பதால் அவனுக்கு விசா அவள் பெயரில், பாஸ்போர்ட் எப்போதும் அவன் பையில். சைக்கிளே பிடிக்காதவன். அவன் விமானம் ஏறி மூன்றாம் நாள் என் விசா வந்தது. தொண்ணூறு நாள் செல்லும், ஒரு முறை நுழையலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வேறு எங்கும் தனியாக நிற்க இடமில்லை.

ஷாஜி ஒரு வாரத்தில் திரும்பி வந்தான். எப்படி இருந்தது என்றேன். ஜலதோஷத்தோடு ஒரு பதில் சொன்னான், "மழை சேட்டா. மழை மாத்ரம்." ரோஸ் கலர் வீட்டைப் பார்த்தாயா என்றேன். அவன் முதல் நாளே கொஞ்ச தூரத்தில் சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு வேனிலேயே வந்துவிட்டானாம், தூங்கிவிட்டானாம். அவன்மேல் கோபப்பட எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் அவனோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

காக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வழி சொன்னார். விசாதான் இருக்கிறதே, உன் லீவில் போய்விட்டு வா, தங்குவதற்கு நான் அந்தக் கம்பெனியிடம் பேசுகிறேன் என்றார். அந்த லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அதை ஊருக்கென்று வைத்திருந்தேன். என் மகள் பிறந்த இருபதாம் நாள் அவளை விட்டு வந்தவன் நான். டெலிபோன் கார்டைச் சுரண்டி, பூத்தில் நின்று, மனைவி மீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு அழகாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழகாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு. நீங்க போறதுன்னா போங்க. அண்ணன்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

கார்டில் இன்னும் நிமிஷம் இருந்தது.  சைக்கிள் ஓட்டப் போகிறேன், அதனால் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்று என் மச்சானிடம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அதைவிட, அப்படிச் சொல்ல எனக்கு ஆசை இருந்தது என்பதுதான் என்னை அதிகமாக உறுத்தியது.

ஊருக்குத்தான் போனேன். போனதோடு நல்லபடியாக இருந்திருக்கலாம். இல்லை. காதுகுத்துப் பந்தலில் மகள் மச்சான் மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தபோது நான் அயர்லாந்தில் இப்போது காலை ஐந்தரை மணி, காற்று இன்னும் எழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் என்னிடம் வரவில்லை, அவளுக்கு நான் யாரோ. நானும் அவளைப் போய்த் தூக்க அவ்வளவாக முயலவில்லை. ஒருநாள் மீனா, இங்க இருந்துக்கிட்டே எங்கயோ இருக்கீங்க என்றாள். வெயில் தலையைப் பிளக்கிறது என்று எரிந்து விழுந்தேன். துபாயிலிருந்து வந்தவனுக்கு அறந்தாங்கி வெயில் தாங்கவில்லையாம்.  விசா என் பெட்டிக்குள் தேதி முடியக் காத்துக் கிடந்தது. இரண்டு இடத்துக்கும் போகாதவனாகத் திரும்பி வந்தேன்.

ஆகஸ்டு வந்தது. டாக்டரும் கணவரும் கிளம்பிப் போனார்கள். நாலாம் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு, காக்கா உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, போன் அடித்தது. ஷாஜி எடுத்தான். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, நேரில் போய்வந்தவன், போகாதவனிடம் ரிசீவரை நீட்டினான்.

"தம்பி, நான் டாக்டர் பேசுதேன். இங்க ரோடு ரெண்டா பிரியுது. ரோஸ் வீட்டக் காணல்ல. ஒரு மஞ்ச வீடுதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. பின்னால் சோவென்று மழை.

கைகாட்டியைக் கேட்டேன். காற்றில் திரும்பி வயலைக் காட்டிக்கொண்டு நிற்கிறதாம். கிலோமீட்டர் மீட்டரைக் கேட்டேன். மழைத் தண்ணீர் புகுந்து காலையிலேயே நின்றுவிட்டதாம். வரைபடத்தை இழுத்துக் கவுன்ட்டரில் விரித்தேன். ஒன்பதாவது கிலோமீட்டரிலும் இதேபோல ஒரு பிரிவு உண்டு. அங்கே வலது பக்கம் திரும்பினால் செங்குத்தாக இறங்கி ஒரு பழைய படகுத்துறையில் முடியும். திரும்ப அவ்வளவும் ஏறவேண்டும், சுற்றுப்புறத்தில் ஒரு வீடு கிடையாது. ஜெயசிங் சாருடைய முட்டியை நினைத்தேன். இவர்கள் நிற்பது எந்தப் பிரிவு?

டாக்டர் நிதானமாகக் கேட்டார், "நீங்க போன வருசம் வந்தப்ப இந்த மஞ்ச வீடு எங்க இருந்துச்சு? அதச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சிருவேன்."

 ரோஸ் வீட்டை நான் கண்ணால் பார்த்தவன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதனாலேயே இது அந்த இடம் இல்லை என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் வேறு பெயிண்ட் அடித்திருக்கலாம் என்பது, நான் போகவில்லை என்றால் மட்டும்தான் அவருக்குத் தோன்றும்.

"டாக்டர், நான் அங்க வந்ததே இல்ல" என்றேன். "பேப்பர்ல இருக்கறதுதான் எனக்குத் தெரியும். அது எப்ப எழுதினதுன்னுகூடத் தெரியாது."

 போனில் பின்னாலிருந்து அவர் கணவர் என்ன, என்ன என்று கேட்டார். ஷாஜி ஸ்டேப்ளரைத் திறந்து உள்ளே எதையோ தேடினான். உள் கதவில் காக்கா வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சரி. பேப்பர்ல என்ன இருக்கு? அதச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வந்த வழியில் சுவரில் ஒரு பச்சைத் தபால்பெட்டி இருந்ததா என்றேன். மழையில் தலையை நிமிர்த்தினால்தானே பார்ப்பதற்கு என்றார். அரை கிலோமீட்டர் திரும்பிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இருந்தால் நிற்கிற இடம் சரி, மஞ்சள் வீட்டில் வலது பக்கம். இல்லாவிட்டால் இடது பக்கம் வந்து நேராகப் போகவேண்டும். ஜெயசிங் சார் போனை வாங்கினார். என்னை என்னென்னவோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். எந்தப் பக்கச் சுவர் என்று கேட்டார். வரும்போது இடது பக்கம் என்றேன். எந்தப் பக்கம் என்று இன்னொரு தடவை கேட்டார். இடது என்றேன். லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. அல்லிஹீஸில் தங்கும் வீட்டுக்குப் போன் போட்டேன், அடித்து அடித்து நின்றது. காக்கா தொழுதுவிட்டு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, நீ இப்ப சொன்னது சரிதான், ஆனா முன்னாடியே சொல்லிருக்கணும், நானும்தான் என்றார்.  கடைக்கு வந்த இரண்டு பேருக்கு நான் தேதி மாற்றி டிக்கெட் எழுதினேன். மூன்றாவது முயற்சியில் தங்கும் வீட்டு அம்மா போனை எடுத்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஈரத்துணிகளை அடுப்புப் பக்கத்தில் காயப் போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் சூப் குடிக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டு வரைபடத்தை மடித்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் மட்டும் கடைக்கு வந்தார். புகார் எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தபால்பெட்டி பச்சைதான் என்றார். புகைபோக்கி மேகம் விலகினதும் தெரிந்தது என்றார். பிறகு சொன்னார், "பொய் சொல்லிட்டீங்கன்னு அவருக்குக் கோவம். எனக்கு அது இல்ல. நீங்க போகல்லியேன்னுதான் இருந்துச்சு."

நான் பாஸ்போர்ட் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அல் ஐன் அலமாரியிலிருந்து காதுகுத்து வரை எதை முதலில் சொல்வது? டீ வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அதன்பின் கேட்டவர்களிடம் இல்லை என்றே சொன்னேன். விற்பனை குறைந்தது. அப்புறம் எல்லோருடைய வியாபாரமும் குறைந்தது, ஆட்கள் வேலை போய், கடனுக்குப் பயந்து, கார்களை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஊருக்கு ஓடிய வருஷம் அது. டிக்கெட்டைத் தாங்களே கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ள ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். நான் ஊருக்கு வந்த மறு வருஷம் காக்கா கடையைக் கொடுத்துவிட்டார். அதற்கு மறு வருஷம் கீழக்கரையில் காலமானார், எனக்குச் செய்தி வர நாற்பது நாள் ஆயிற்று. டாக்டர் குடும்பம் ஆஸ்திரேலியா போனதாகக் கேள்வி. ஷாஜியின் நம்பர் யாரோ ஒரு வங்காளியிடம் இருக்கிறது, மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். ஒருமுறை துபாய் வழியாகப் போனபோது சந்துக்குள் போய்ப் பார்த்தேன். டெலிபோன் பூத்தும் இல்லை, அத்தர் கடையும் இல்லை, கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள்.

போன மாதம் மீனாவும் நானும் அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சும்மா அந்த வழியைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் முழுக்க வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள், காஸில்டவுன்பெர் துறைமுகம் தாண்டி, ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டது. இடதா, வலதா? என்ன முணுமுணுக்கிறீங்க என்றாள் மீனா. சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்பவே ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். எனக்குப் பல்லைக் கடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை கேபிள் கார் வரைகூட வரவில்லை.